நீண்ட சாலைப் பயணத்துக்கு எந்த மேப் ஆப்? ஃபோனா, தனி ஜிபிஎஸ் கருவியா?

#1 – நெடுஞ்சாலை

தேவை இதுதான். காரில் நான்கு நாள், ஏறக்குறைய 1,800 கி.மீ. நடுவில் மலையும் காடும் வருகின்றன, சில இடங்களில் மணிக்கணக்கில் டவர் கிடைக்காது. எந்த வழியில் போவது என்பது முடிவாகிவிட்டது. ஆப் தன் இஷ்டத்துக்கு வேறு பக்கம் திருப்பிவிடக் கூடாது. கையில் ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனும் பழைய ஐஃபோன் ஒன்றும் இருக்கின்றன. கார்மின் நிறுவனத்தின் தனி ஜிபிஎஸ் கருவி ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. கூகுள் மேப்ஸ் மட்டும் போதுமா?

#2 – திசைமானி

"எந்த ஆப்" என்று கேட்கும்போது மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வரைபடத் தரவு யாருடையது? அந்தத் தரவின் மேல் பாதை கணக்கிடும் எஞ்சின் எங்கே ஓடுகிறது, ஃபோனிலா சர்வரிலா? போக்குவரத்து நெரிசல் தகவல் எங்கிருந்து வருகிறது? இவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கூகுள் மேப்ஸுக்குத் தரவும் நெரிசலும் சொந்தம். டேட்டா இருக்கும்வரை வந்துசேரும் நேரத்தை அது கணிப்பதைப் போல வேறு ஆப் கணிப்பது கடினம். வேஸ் என்ற இன்னொரு வழிகாட்டி ஆப்பை 2013-இல் கூகுள் வாங்கிவிட்டது, ஆனாலும் வரைபடத்தைத் தனியாகவே வைத்திருக்கிறது. இணையம் இல்லாமல் வேஸில் புதிதாக ஒரு பயணத்தைத் தொடங்க முடியாது. தொடங்கியபின் டவர் போனால், ஏற்கெனவே இறக்கிய பாதையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தேவைக்கு அது சரிவராது.

ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் என்ற இரண்டு ஆப்பும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடம்) தரவில் ஓடுகின்றன. கணக்கு முழுக்க ஃபோனுக்குள்ளேயே நடக்கிறது. வழி தவறினாலும் டவர் இல்லாமலே புதுப் பாதை போட்டுத் தரும். ஹியர் விகோ, சிஜிக், டாம்டாம் கோ ஆகியவையும் நாடு அல்லது மாநில வாரியாக வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளும் வகை.

நான் சொல்வது: வெவ்வேறு தரவில் ஓடும் இரண்டு ஆப் வையுங்கள். ஒரே தரவில் ஓடும் இரண்டு ஆப் வைத்தால், ஒன்றில் விடுபட்ட பாலம் மற்றதிலும் விடுபட்டிருக்கும்.

#3 – நாலாம் கியர்

தேவைக்கு மேல் சிக்கலாக்குகிறீர்கள். கூகுளிலேயே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளலாம். ஒரு ஆப் போதும், ஓட்டுபவருக்குக் குழப்பமும் இல்லை.

#4 – திசைமானி

இறக்கலாம். அதன் எல்லைகளைத் தெரிந்துகொண்டு இறக்க வேண்டும். ஆஃப்லைனில் கார் ஓட்டும் வழி மட்டும்தான் வரும், நடை வழி, சைக்கிள் வழி கிடையாது. மாற்றுப் பாதைகள், நெரிசல், எந்த லேனில் போக வேண்டும் என்ற காட்டுதல் எல்லாம் இருக்காது. இறக்கும்போது திரையில் ஒரு செவ்வகம் வருகிறது. பயணப் பாதை அதன் விளிம்பை ஒட்டிப் போனால், வெளியே ஒரு கிலோமீட்டர் விலகினாலும் மேப் வெறுமையாகிவிடும். செவ்வகங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எடுங்கள்.

இறக்கிய மேப்புக்குக் காலாவதி தேதியும் உண்டு. 15 நாளோ அதற்குக் குறைவாகவோ பாக்கி இருக்கும்போது வைஃபையில் தானே புதுப்பித்துக்கொள்ள முயலும். வைஃபை பக்கமே போகாத ஃபோன் என்றால் புறப்படும் முன் கையால் 'புதுப்பி' அழுத்துங்கள்.

இன்னொன்று. முன்பே முடிவு செய்த வழி என்கிறீர்கள். கூகுளில் புறப்படும் இடத்தையும் சேர்த்து 10 இடங்கள்தான் கொடுக்கலாம். கணினியில் கோட்டை இழுத்து வளைத்த பாதை ஃபோனுக்கு அனுப்பியதும் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். ஃபோன் தன் கணக்கில் மறுபடி போட்டுக்கொள்ளும்.

#5 – மைல்கல் 42

பாதையைப் பூட்ட வேண்டுமென்றால் ஜிபிஎக்ஸ் ஃபைல்தான் வழி. புள்ளிகளையும் பாதைகளையும் சேமித்து வேறு ஆப்புக்கோ கருவிக்கோ மாற்ற உதவும் ஃபைல் அது. அதில் மூன்று வகை இருக்கிறது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

'வேபாயிண்ட்' என்பது தனிப் புள்ளி. 'ரூட்' என்பது சில புள்ளிகளின் வரிசை. புள்ளிகளுக்கு நடுவே எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவி தானே முடிவு செய்யும். 'டிராக்' என்பது நெருக்கமான ஆயிரக்கணக்கான புள்ளிகளால் வரைந்த கோடு. எந்தக் கருவியில் திறந்தாலும் கோடு மாறாது. ஒரே ரூட் ஃபைலை இரண்டு கருவிகளில் ஏற்றினால் இரண்டு வெவ்வேறு சாலைகள் வரலாம், ஏனென்றால் வரைபடமும் வேறு, 'டோல் தவிர்' போன்ற அமைப்புகளும் வேறு. ஆகவே ஃபைலை ஏற்றுமதி செய்யும்போது டிராக் ஆகவே செய்யுங்கள்.

ஆஸ்ம்அண்டில் டிராக்கைத் திறந்து 'டிராக்கைப் பின்தொடர்' கொடுத்தால் குரலோடு வழி சொல்லும். 'சாலைகளோடு இணை' என்ற தேர்வையும் போட்டால்தான் திருப்பங்களைச் சரியாகச் சொல்லும். இல்லாவிட்டால் கோட்டின் வளைவைப் பார்த்து ஊகிக்கும். மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் 'திரும்பு' என்று சொல்லிக்கொண்டே வரும். ஆர்கானிக் மேப்ஸ் ஜிபிஎக்ஸ், அதைப் போன்ற கேஎம்எல் இரண்டையும் இறக்குமதி செய்யும், ஆனால் கோடாகக் காட்டுவதோடு சரி. அதன்மேல் குரல் வழிகாட்டுதல் இல்லை. கூகுளின் 'மை மேப்ஸ்' ஜிபிஎக்ஸை ஏற்றுக்கொள்ளும், அந்தக் கோட்டின்மேல் திருப்பம் திருப்பமாக வழிகாட்டாது.

நடுப் புள்ளி வைக்கும்போது ஒரு கவனம். அகலமான இருவழிச் சாலையில், நடுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புள்ளி விழுந்துவிட்டால் கருவி அடுத்த யூ-டர்ன் வரை போய், திரும்பி வந்து, புள்ளியைத் தொட்டு, மறுபடி யூ-டர்ன் அடிக்கச் சொல்லும். 12 கி.மீ. வீணாவது இப்படித்தான். நன்றாகப் பெரிதாக்கி, போகும் திசையின் லேன்மேல் வையுங்கள். சந்திப்பில் வைக்காதீர்கள், சந்திப்பு தாண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி, கிளைச் சாலை இல்லாத நேர்ப் பகுதியில் வையுங்கள்.

#6 – நெடுஞ்சாலை

டிராக் என்பது புரிந்தது. ஆஸ்ம்அண்ட் இலவசப் பதிப்பு போதுமா? தேடல் மோசம் என்கிறார்களே?

#7 – மைல்கல் 42

ஆண்ட்ராய்டு இலவசப் பதிப்பில் 7 வரைபடப் பதிவிறக்கம் வரைதான். உங்கள் பயணத்துக்குப் போதும். பெரிய பகுதியாக எடுங்கள்.

தேடலில் குறை இருப்பது உண்மை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல நாடுகளில் வீட்டு எண்களே குறைவு, கடைப் பெயர்களும் விட்டுவிட்டுத்தான் இருக்கும். அதனால் இடத்தைக் கூகுளில் தேடி, அதன் ஆயத்தொலைகளை (அகலாங்கு, நெட்டாங்கு எண்களை) எடுத்து ஆஸ்ம்அண்டில் பிடித்த இடமாகச் சேமியுங்கள். தங்குமிடம், பெட்ரோல் பங்க், மருத்துவமனை எல்லாவற்றையும் வீட்டில் வைஃபை இருக்கும்போதே இப்படி ஏற்றிவிட்டால் ஆஃப்லைன் தேடலின் தயவு தேவையில்லை.

#8 – கோணமானி

ஆயத்தொலை என்றதும் சொல்லிவிடுகிறேன், இங்கே நடக்கும் பிழைகள் பெரிய பிழைகள். 12°30′ என்பது 12.5 பாகை. அதை 12.30 என்று தட்டினால் 0.2 பாகை விலகல், தரையில் ஏறத்தாழ 22 கி.மீ. வடக்கு தெற்காகத் தள்ளிப் போய் நிற்பீர்கள். எண் பார்க்க நியாயமாக இருப்பதால் கண்ணுக்கு உறுத்தாது.

தசம இடங்கள்: 2 இடம் என்றால் 1.1 கி.மீ. துல்லியம், 4 இடம் 11 மீட்டர், 5 இடம் 1.1 மீட்டர். காரில் போக 5 தாராளம். வரிசை அகலாங்கு முதலில், நெட்டாங்கு பிறகு. ஆனால் ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவு ஃபைல்கள் தலைகீழ், நெட்டாங்குதான் முதலில். ஒரு மாற்றியில் போட்டு எடுத்த புள்ளிகள் கடலுக்குள் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எண்களைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தால் பிளஸ் கோடு எளிது, ஆயத்தொலைக்குப் பதிலாகக் கூகுள் மேப்ஸ் காட்டும் குறுகிய குறியீடு அது. முழு 10 எழுத்துக் குறியீடு ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும்.

சீனாவில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஓர் உபகுறிப்பு: அங்கே சட்டப்படி வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற, வேண்டுமென்றே சற்று விலக்கிய ஆயத்தொலை முறையில் இருக்கும். சாதாரண ஜிபிஎஸ் புள்ளியை அதில் வைத்தால் சில நூறு மீட்டர் தள்ளி விழும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

#9 – நாலாம் கியர்

எல்லாம் சரி, டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸே வேலை செய்யாதே? பிறகு ஆஃப்லைன் மேப் எதற்கு?

#10 – திசைமானி

செய்யும். செயற்கைக்கோளுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தமில்லை. ஃபோன் கேட்க மட்டும் செய்கிறது, 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சமிக்ஞைகளில் குறைந்தது நான்கு கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஃப்ளைட் மோடில் போட்டுப் பாருங்கள், புள்ளி நகரும்.

டவர் உதவுவது தொடக்க வேகத்துக்கு. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஒலிபரப்புகிறது. இணையம் இருந்தால் ஃபோன் அதே விவரத்தைச் சர்வரிலிருந்து ஒரே நொடியில் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்தே முழுதாகக் கேட்டு முடிக்க வேண்டும். அந்த விவரம் சில மணி நேரம்தான் செல்லும். ஆகவே இரவு முழுக்க அணைத்து வைத்த ஃபோனைக் காட்டுக்குள் முதல்முறை திறந்தால் ஓரிரு நிமிடம் எடுக்கும், மரத்தடியில் இன்னும் அதிகம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி புள்ளி பிடிக்க விட்டுப் புறப்படுங்கள். ஓடிக்கொண்டே பிடிக்கவைப்பது சிரமம், ஒவ்வொரு வளைவிலும் சமிக்ஞை அறுந்து மறுபடி முதலிலிருந்து கேட்கும்.

ஃபோன் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் இரட்டை அலைவரிசை உள்ளதா பாருங்கள். எல்1 1575.42 மெகாஹெர்ட்ஸ், எல்5 1176.45 மெகாஹெர்ட்ஸ். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சுவரில் பட்டு எதிரொலித்து வரும் சமிக்ஞையை எல்5 நன்றாகப் பிரித்துவிடும். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற ஆப்பில் இது தெரியும். சமிக்ஞை வலிமை 30-க்கு மேல் பல செயற்கைக்கோள்களுக்கு இருந்தால் நல்லது. எல்லாமே 20-ஐ ஒட்டி இருந்தால் ஹோல்டர் வைத்த இடத்தில்தான் கோளாறு.

#11 – கண்ணாடிக்காரர்

ஹோல்டர் பற்றி. வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு போட்ட முன்கண்ணாடிகள் ஜிபிஎஸ்ஸையும் தடுக்கும். அத்தகைய முன்கண்ணாடிகளில், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் போட்ட பகுதியில் பூச்சு இருக்காது. டோல் ஸ்டிக்கருக்காக விட்டது. ஃபோனை அங்கே வைத்தால் பார்வை மறையும். அதனால் தனி கருவி என்றால் வெளி ஆன்டெனா, ஃபோன் என்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்பிளே (ஃபோனைக் காரின் திரையோடு இணைக்கும் வசதிகள்) வழியாகக் காரின் சொந்த ஆன்டெனாவைப் பயன்படுத்தும் வண்டி என்று பார்க்க வேண்டும்.

காந்த ஹோல்டரில் ஃபோனின் திசைகாட்டி குழம்பும். ஓடும்போது தெரியாது, ஏனென்றால் அப்போது திசையை நகர்வைக் கொண்டே கணக்கிடுகிறது. சந்திப்பில் நின்றவுடன் மேப் சுழலும். நின்ற இடத்தில் 'இடப்பக்கம்' என்று சொல்வதை நம்பாமல் பத்து மீட்டர் நகர்ந்து பாருங்கள்.

மோட்டார் சைக்கிளில் ஐஃபோன் மாட்டுபவர்களுக்கு: பெரிய எஞ்சினின் அதிர்வு கேமராவின் ஒளி நிலைப்படுத்தியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கி இல்லாத ஹேண்டில்பார் மவுண்ட் வேண்டாம்.

#12 – நெடுஞ்சாலை

பழைய ஐஃபோன் கூகுள் ஓடும்போதே சார்ஜ் இறங்குகிறது, சார்ஜர் போட்டிருந்தும். பேட்டரி மாற்ற வேண்டுமா?

#13 – கண்ணாடிக்காரர்

முதலில் எதில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். காரின் பழைய யூஎஸ்பி துளை 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், டேட்டா மூன்றும் ஓடும்போது அது போதாது. சிகரெட் லைட்டர் துளையில் 18 வாட் அல்லது அதற்கு மேல் தரும் சார்ஜர் போடுங்கள்.

அதுவும் போதாவிட்டால் காரணம் சூடு. ஐஃபோன் 35 டிகிரி வரையிலான சுற்றுச்சூழலுக்கு வடிவமைத்தது. அதைத் தாண்டிச் சூடேறினால் சார்ஜ் செய்வதை நிறுத்தி, திரையையும் மங்கலாக்கும். கண்ணாடியோரம் வெயிலில் வைக்காமல் ஏசி துவாரத்தின் முன் வையுங்கள், உறையைக் கழற்றுங்கள், கம்பியில்லா சார்ஜரைத் தவிருங்கள்.

ஆண்ட்ராய்டில் வேறு சிக்கல். பேட்டரி சேமிப்பு, ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடும். ஒரு அழைப்பு வந்து முடிந்ததும் குரல் நின்றுபோனால் பெரும்பாலும் இதுதான். அமைப்புகளில் அந்த ஆப்புக்கு 'கட்டுப்பாடில்லை' கொடுங்கள். இடம் அனுமதியில் 'துல்லியமான இடம்' போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் 'தோராயமான இடம்' என்று ஒன்று வந்திருக்கிறது, அது ஓட்டுவதற்கு உதவாது.

#14 – சரக்குப் பாதை

லாரியோ கேரவனோ ஓட்டுபவர்கள் இந்த இழையைப் பார்த்து கார் ஆப்பை நம்பிவிட வேண்டாம். கூகுள் மேப்ஸில் உயரம், எடை, நீளம் கொடுக்க இடமே இல்லை. தாழ்வான பாலத்தின் கீழ் தாராளமாக அனுப்பும். சிஜிக்கின் லாரிப் பதிப்பு, கார்மினின் டீசல் வரிசை போன்றவற்றில் அளவுகள் கொடுக்கலாம். கொடுக்கும்போது சரக்கோடு சேர்த்த உயரத்தைக் கொடுங்கள், மேலே ஏணியோ ஏசியோ இருந்தால் அதையும் சேர்த்து. வரைபடத்தில் பாலத்தின் உயரம் பதிவாகாத இடத்தில் எந்த ஆப்பும் காப்பாற்றாது, பலகையைப் பார்த்தே ஓட்ட வேண்டும்.

#15 – நெடுஞ்சாலை

நன்றி, கார்தான். கார்மின் வாங்கலாமா என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

#16 – மைல்கல் 42

வாங்கலாம், மூன்று விஷயம் சோதித்துவிட்டு.

ஒன்று, மாடல் பெயரின் கடைசியில் 'எல்எம்' அல்லது 'எல்எம்டி' இருக்கிறதா. இருந்தால் ஆயுள்கால மேப் புதுப்பிப்பு உண்டு. 'ஆயுள்' என்பது கருவியை நிறுவனம் ஆதரிக்கும் காலம்தான், வாங்கியவரின் ஆயுள் அல்ல. விற்பவரிடம் கார்மின் எக்ஸ்பிரஸில் (கணினியில் ஓடும் கார்மினின் புதுப்பிப்பு மென்பொருள்) இணைத்துக் காட்டச் சொல்லுங்கள், கடைசி மேப் எந்த ஆண்டு என்று அதிலேயே தெரியும்.

இரண்டு, உள் நினைவகம். புது மேப் பழைய கருவியில் அடங்காமல் போவது சகஜம், மைக்ரோ எஸ்டி துளை இருக்கிறதா பாருங்கள். துளை இருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தயாரித்த மேப்பையும் போடலாம்: கார்டை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, 'கார்மின்' என்ற ஃபோல்டருக்குள் மேப் ஃபைலை வைக்க வேண்டும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஆகவே பெரிய நாட்டைத் துண்டுகளாக எடுங்கள். இரண்டு மேப்பும் ஒரே நேரத்தில் ஆன் ஆக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

மூன்று, தேதி. ஜிபிஎஸ் தன் வாரங்களை 10 பிட்டில் எண்ணுகிறது, 1,024 வாரம் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் நடந்தது. ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) புதுப்பிக்காத பழைய கருவி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் தேதி காட்டக்கூடும். இடம் சரியாக இருக்கும், தேதியும் பதிவு செய்த டிராக்கும் குழம்பும்.

இந்த மூன்றில் ஒன்று தேறாவிட்டால் அந்தப் பணத்துக்கு நல்ல ஹோல்டரும் சார்ஜரும் வாங்குங்கள்.

#17 – நாலாம் கியர்

ஓட்டும்போது கார்மின் 97 காட்டும், ஸ்பீடோமீட்டர் 103 காட்டும். எது சரி?

#18 – கோணமானி

சீரான வேகத்தில் ஜிபிஎஸ்தான் உண்மைக்கு அருகில். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. ஒழுங்குமுறை 39, உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதன்மேல் மணிக்கு 4 கி.மீ.யும் வரை கூடுதலாகக் காட்ட அனுமதி உண்டு. அதனால் தயாரிப்பாளர்கள் எல்லாருமே கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். வேகம் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும் ஜிபிஎஸ் ஒரு நொடி பின்தங்கும், அப்போது ஒப்பிட வேண்டாம்.

#19 – நெடுஞ்சாலை

புறப்படும் முன் இவற்றை எப்படிச் சோதிப்பது? வீட்டில் டேட்டா எப்போதும் இருப்பதால் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது.

#20 – திசைமானி

ஃப்ளைட் மோடு போட்டு, வைஃபையும் அணைத்து, ஆப்பை முழுதாக மூடித் திறங்கள். வெறும் டேட்டாவை அணைத்தால் போதாது. சற்றுமுன் பார்த்த பகுதி கேஷில் (ஆப்பின் தற்காலிகச் சேமிப்பில்) இருக்கும், ஆஃப்லைன் மேப் இருப்பதாக ஏமாற்றும். பிறகு நான்கு நாளின் நான்கு பாதைகளையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். 400 கி.மீ. பாதை பழைய ஃபோனில் ஆஸ்ம்அண்டுக்கு நேரம் எடுக்கும். நினைவகம் போதாமல் நின்றுவிட்டால் பாதியில் ஒரு நடுப் புள்ளி வைத்து இரண்டாக உடையுங்கள்.

அடுத்து, இரண்டு ஆப்பின் தூரத்தையும் ஒப்பிடுங்கள், நேரத்தை அல்ல. ஆஃப்லைன் ஆப் சாலை வகைக்கு ஒரு வேகம் என்று வைத்துக் கணக்கிடுவதால் மலையில் நேரம் எப்போதும் பொய். தூரம் 10 கி.மீ.க்கு மேல் வேறுபட்டால் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். மூன்று நிமிடம் மிச்சம் என்று ஒற்றையடி மண்சாலையில் இறக்கும் வழிகள் அங்கேதான் அகப்படும். சாலையின் மேற்பரப்பு பதிவாகாத இடத்தில் எஞ்சின் அதைத் தார்ச்சாலை என்றே எடுத்துக்கொள்கிறது, 'மண்சாலை தவிர்' போட்டிருந்தாலும்.

தவிர்ப்பு அமைப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எப்போதோ போட்ட 'நெடுஞ்சாலை தவிர்' அப்படியே நிற்கும், ஊரெல்லாம் சுற்றவிடும். பிறகு மேப்பைத்தான் திட்டுவோம்.

கடைசியாகக் குரல். தமிழில் வேண்டுமானால் ஃபோனின் உரை-பேச்சு அமைப்பில் தமிழ்க் குரல் தரவை முன்பே இறக்கி வையுங்கள், சில குரல்கள் இணையம் இருந்தால்தான் பேசும். ஃப்ளைட் மோடில் ஊமையாகிவிட்டால் காரணம் அதுதான். காரின் புளூடூத்தில் 'இருநூறு மீட்டரில்' என்பதன் முதல் சொல் விழுங்கப்பட்டால், இணைப்பு விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது. பின்னணியில் மெதுவாகப் பாட்டு ஓடவிட்டால் இணைப்பு தூங்காது. அல்லது குரலை ஃபோன் ஸ்பீக்கருக்கே மாற்றிவிடுங்கள்.

#21 – நெடுஞ்சாலை

மேம்பாலமும் சுரங்கப்பாதையும் எப்படி? அதோடு, வழியில் ஒரு சாலை மூடியிருந்து, டவரும் இல்லையென்றால்?

#22 – மைல்கல் 42

மேம்பாலத்தில் எல்லா ஆப்பும் தடுமாறும். ஜிபிஎஸ்ஸில் உயரப் பிழை, தரைமட்டப் பிழையைவிடப் பெரிது. மேலே போகிறீர்களா கீழே சர்வீஸ் ரோட்டிலா என்று ஆப் ஊகிக்கிறது. தவறாக ஊகித்தால் ஒரு கிலோமீட்டர் போனபின் தானே திருத்திக்கொள்ளும். அதுவரை அது சொல்லும் யூ-டர்னைக் காதில் வாங்காதீர்கள். சுரங்கத்துக்குள் கடைசி வேகத்தை வைத்துப் புள்ளியை நகர்த்தும், உள்ளே பிரியும் வழி இருந்தால் நுழையும் முன்பே எத்தனையாவது பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில நகரங்களின் சுரங்கங்களில் புளூடூத் பீக்கன் (ஃபோனுக்கு இடத்தைத் தெரிவிக்கும் சிறு கருவி) உண்டு, ஆண்ட்ராய்டு கூகுள் மேப்ஸின் வழிகாட்டல் அமைப்பில் அதற்கான தேர்வை ஆன் செய்தால் போதும்.

மூடிய சாலைக்கு: ஆஸ்ம்அண்டில் அந்தச் சாலையின்மேல் அழுத்திப் பிடித்து, 'செயல்கள்' திறந்து 'சாலையைத் தவிர்' கொடுத்தால், டவர் இல்லாமலே அதை விட்டுவிட்டுக் கணக்கிடும். மூடியது ஒரு பாலம் என்றால் பாலத்தின் இரு பக்கமும் பெரிதாக்கி, சரியான துண்டைத்தான் தொட்டீர்களா என்று பாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாலம் தனித் துண்டாக வெட்டப்பட்டிருக்கும். டிராக்கைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தால் இந்தத் தவிர்ப்பு பலிக்காது, கோடு கோடாகவே நிற்கும். முதலில் டிராக் வழிகாட்டலை நிறுத்தி, அடுத்த ஊரைச் சேருமிடமாகக் கொடுத்து, சுற்றிப் போய்ச் சேர்ந்தபின் டிராக்கை மறுபடி தொடங்குங்கள். மறுபடி தொடங்கும்போது 'அருகிலுள்ள புள்ளியிலிருந்து' என்று தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்லும். கார்மினில் இதே வேலையை அமைப்புகளில் வழிசெலுத்தலுக்குள் இருக்கும் தனிப்பயன் தவிர்ப்பு செய்யும். பயணம் முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அந்தப் பாலத்தைச் சுற்றிக்கொண்டே போகும்.